எந்தப் பக்கம் தள்ளணும்?

எங்கள் படகு 36 அடி நீளம். ஒரு பாய்மரம், இரண்டு பாய், அடியில் கனமான ஈயக் கீல், நடுவில் 30 குதிரைச் சக்தி டீசல் எஞ்சின். 1980களில் கட்டிய ஃபைபர் படகு. லங்காவித் துறைகளில் இப்படிப்பட்ட படகுகள் விலைக்கு வந்துகொண்டே இருக்கும். உலகம் சுற்றக் கிளம்பிய ஆஸ்திரேலியர்களும் ஐரோப்பியர்களும் உடம்புக்கு முடியாமல் போயோ, பேரப்பிள்ளை நினைப்பு வந்தோ, படகை அங்கேயே விட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். அப்படி ஒருவரிடமிருந்துதான் வாங்கினேன். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த சேமநிதிப் பணத்தில் பெரும்பங்கு அதில் போயிற்று. மனைவி ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. "உங்களுக்கு அவ்வளவு ஆசைன்னா வாங்குங்க" என்றாள்.

அந்த ஆசை அவளுக்குப் பழக்கமானதுதான். என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்தக் கப்பல் நம் ஆட்களை அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் சுமந்தது. தாத்தா வந்த வழியில் காற்றைப் பிடித்துத் திரும்பிப் போய்விட வேண்டும் என்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே இருந்த எண்ணம். லங்காவியிலிருந்து நாகப்பட்டினம் 1,200 கடல் மைலுக்கு மேல். சுமத்திராவின் வடமுனைக்கும் பெரிய நிக்கோபாருக்கும் நடுவே நுழைந்து வெளியே போனால் வங்கக் கடல். ஜனவரி, பிப்ரவரியில் வடகிழக்குப் பருவக்காற்று சீராக வீசும். மணிக்கு ஐந்து கடல் மைல் என்று வைத்துக்கொண்டாலும் பத்துப் பதினோரு நாள். இரண்டு பேர் போதும். அந்தப் பாதையைக் கடல் வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன்.

வீடு ஈப்போவில். கோலா பெர்லிஸ் வரை கார், அங்கிருந்து ஃபெர்ரியில் லங்காவியின் குவா துறை. மாதத்தில் பாதி நாள் படகில்தான் இருந்தோம்.

படகோடு வாழ்வதில் கடலில் போகும் நேரம் கொஞ்சம், பழுது பார்க்கும் நேரம்தான் அதிகம். ஆண்டுக்கு வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு பராமரிப்புக்கு என்பது படகுக்காரர்கள் வாயில் வழங்கும் கணக்கு. பழைய படகென்றால் அதுவும் போதாது. நம் கடல் சூடானது; தண்ணீரில் சும்மா நிற்கிற படகின் அடியில் சில வாரங்களில் பாசி பிடிக்கும், அதன்மேல் கொட்டலசு ஒட்டும். புரொப்பெல்லரில் ஒட்டிவிட்டால் எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் படகு நகராது. ஆகவே அவ்வப்போது படகைத் தூக்கிக் கரையில் வைத்து, சுரண்டி, செம்பு கலந்த பெயிண்ட் அடிக்க வேண்டும். புரொப்பெல்லர் தண்டில் ஒரு துத்தநாகக் கட்டி மாட்டியிருக்கும். உப்புநீரில் உண்டாகும் மின்னரிப்பு வெண்கலத்தைத் தின்னாமல் அந்தக் கட்டியைத் தின்னட்டும் என்பதற்காக. அது கரையக் கரைய மாற்ற வேண்டும். டீசல் டாங்கில் தண்ணீர் சேர்ந்தால் கருப்பாக ஒரு சளி வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். எஞ்சினுக்குக் கடல்நீர் இழுத்துத் தரும் ரப்பர் சக்கரம் ஒன்று உண்டு, உள்ளங்கைக்குள் அடங்கும். தண்ணீர் வராமல் கொஞ்ச நேரம் ஓடினாலே அதன் இதழ்கள் பிய்ந்துவிடும்.

இவற்றையெல்லாம் நான் நேசித்துச் செய்தேன். வேலை பார்த்த காலமெல்லாம் யாராவது ஒருவர் எனக்கு மேலே இருந்து உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். படகில் எல்லாம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்தக் கயிறு எதை இழுக்கிறது என்பதெல்லாம் என் தலைக்குள் இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. அதை யாருடனும் பங்கு போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

மனைவிக்குக் கீழே சமையல். வெளியே 32 டிகிரி என்றால் அந்தச் சின்ன அடுப்படியில் இன்னும் நாலைந்து டிகிரி கூட இருக்கும். படகில் சமையல் வாயு ஆபத்தானது. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே கலைந்து போகாமல் படகின் அடிவயிற்றில் இறங்கித் தேங்கும், ஒரு பொறி பட்டால் படகே வெடிக்கும். அதனால் சமைத்து முடித்ததும் முதலில் சிலிண்டர் வால்வை மூட வேண்டும், குழாயில் மீந்த வாயு எரிந்து தீப்பிழம்பு தானாக அணையும்வரை நிற்க வேண்டும், அப்புறம்தான் அடுப்பின் குமிழைத் திருப்ப வேண்டும். இதை அவளுக்கு ஒரே ஒருமுறை சொன்னேன். அலை ஆட்டத்திலும், தலைவலியிலும், விருந்தாளி வந்த நாளிலும் அவள் அதை ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை.

எஞ்சினைக் கிளப்பவும் இதே மாதிரி ஒரு வரிசை உண்டு. படிக்கட்டுக்குப் பின்னால் இருக்கும் சிவப்பு பேட்டரி ஸ்விட்சைத் திருப்ப வேண்டும். தரைப் பலகையைத் தூக்கிக் கடல்நீர் வால்வைத் திறக்க வேண்டும். கியர் நடுவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாவியைப் பாதி திருப்பி, எஞ்சின் உள்ளே சூடேறும்வரை பத்து விநாடி காத்திருக்க வேண்டும். பிறகுதான் முழுதாகத் திருப்புவது. முதல் மூன்றையும் அவள் எழுந்து காப்பி போடுவதற்குள் நான் முடித்துவிடுவேன். அவள் பார்த்ததெல்லாம் நான் சாவியைத் திருப்புவது மட்டும்.

எங்கள் பக்கத்துப் படகில் நியூசிலாந்துத் தம்பதி இருந்தார்கள், இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. துறைக்குள் படகைக் கொண்டுவந்து கட்டும்போது சுக்கான் பிடிப்பது அந்த அம்மாதான். கணவர் கயிற்றோடு முன்னால் நிற்பார். ஒருநாள் அவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "கயிறு இழுக்கத்தான் பலம் வேண்டும். சுக்கானுக்கு நிதானம் இருந்தால் போதும்" என்றார். அந்தத் தம்பதியின் பழக்கம் அது என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு வருடம் ஜூலையில் பினாங்கு போகக் கிளம்பினோம். சுமார் 60 கடல் மைல். சாயங்காலம் கிளம்பினால் விடிந்ததும் போய்ச் சேரலாம் என்பது என் கணக்கு. மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்திரா என்று நாங்கள் சொல்லும் புயற்காற்று வரும். இரவில் சுமத்திரா தீவின் பக்கம் திரளும் மேகம் வரிசை கட்டி நீரிணையைக் கடந்து விடியலுக்கு முன் நம் கரையைத் தாக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும், பொழுது சாயும்போது பெரிய பாயைச் சுருக்கிக் கட்டவில்லை. காற்று இதமாக இருந்தது, படகும் நன்றாக ஓடியது.

நள்ளிரவு தாண்டிப் பாயார் தீவு பின்னால் போயிற்று. நிலா வெளிச்சத்தில் இடப்பக்கம் ஜெராய் மலை தெரிந்தது. 1,217 மீட்டர் உயரம். கடாரத்துக்கு வந்த நம் பழைய மாலுமிகளுக்கு அந்த மலைதான் அடையாளம். அதன் அடிவாரத்தில்தான் அந்தப் பழைய கடாரத்தின் எச்சங்கள் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு. மனைவிக்கு அதைக் காட்டிப் பேசிக்கொண்டு வந்தேன். தூரத்தில் கணவாய் பிடிக்கும் படகுகளின் பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. சுக்கானை ஆட்டோ பைலட் பார்த்துக்கொண்டது.

நான்கு மணிவாக்கில் மேற்கே மின்னல். சற்று நேரத்தில் காற்று ஜில்லென்று மாறியது. அடுத்த சில நிமிடங்களில் 12 நாட் காற்று 36 நாட் ஆனது. காற்றின் வேகம் மூன்று மடங்கானால் பாயின் மேலுள்ள அழுத்தம் ஒன்பது மடங்காகும். படகு அப்படியே சாய்ந்தது. ஆட்டோ பைலட்டால் பிடிக்க முடியவில்லை. விட்டு விட்டுக் கூவியது. பெரிய பாயை இறக்கியே ஆக வேண்டும், அதற்கு நான் மரத்தடிக்குப் போக வேண்டும், அதற்கு யாராவது சுக்கான் பிடிக்க வேண்டும்.

எங்கள் படகில் சக்கரம் கிடையாது. சுக்கானோடு நேராக இணைந்த நீள மரத்தண்டு, டில்லர் என்போம். டில்லரை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். சில மணி நேரம் பழகினால் கை தானாகச் செய்யும். பழகாத கைக்கு அது தலைகீழ்.

தண்டை அவள் கையில் திணித்தேன். "காத்துக்கு நேரா திருப்பும்மா" என்று கத்திவிட்டு, இடுப்புப் பட்டையைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு முன்னால் போனேன். பின்னால் அவள் ஏதோ கேட்டாள். மழைச் சத்தத்தில் என் காதில் விழவில்லை.

காற்று வலப்பக்கத்திலிருந்து வந்தது. அவள் தண்டை வலப்பக்கம் இழுத்தாள். படகு இடப்பக்கம் திரும்பிக் காற்றுக்கு முதுகைக் காட்டியது. பாய்க்கடியில் உள்ள பெரிய உலோகத் தண்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அடித்துக்கொண்டு போயிற்று. தலைக்கு மேலே போனதால் பிழைத்தேன். படகு புரண்ட வேகத்தில் மரத்தில் மோதி விழுந்தேன். இரண்டு விலா எலும்பு முறிந்தது பிறகுதான் தெரிந்தது; அப்போது மூச்சு இழுக்க முடியவில்லை, அவ்வளவுதான். அவள் பயந்து தண்டை விட்டுவிட்டாள். விட்டதுதான் காப்பாற்றியது. பெரும்பாலான பாய்ப்படகுகள் சுக்கானை விட்டால் தாமாகவே காற்றுக்கு எதிராக மூக்கைத் திருப்பி நின்றுவிடும்படி கட்டப்பட்டவை. எங்களுடையதும் திரும்பி நின்றது. பாய் படபடத்துக் கிழிந்தது.

நகர்ந்து நகர்ந்து பின்னால் வந்தேன். காற்று எங்களைக் கணவாய்ப் படகுகள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. எஞ்சினைக் கிளப்பச் சொன்னேன். அவள் சாவியைத் திருப்பினாள். ஒன்றும் நடக்கவில்லை. "சிவப்பு ஸ்விட்ச்!" "எங்கே இருக்கு?" "படிக்குப் பின்னாடி." "எந்தப் படிங்க?" அவள் இருட்டில் கைவிளக்கைத் தேடினாள். கைவிளக்கு எங்கே என்பதும் எனக்கு மட்டுமே தெரிந்த விஷயம். ஒவ்வொன்றாக, மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொல்லி, எஞ்சின் ஓடியபோது அந்தப் பச்சை விளக்குகளின் கீழே நின்ற ஆட்களின் முகம் தெரிகிற அளவுக்கு நெருங்கியிருந்தோம். விடிந்தபோது கடல் எண்ணெய் ஊற்றியது போல் அடங்கிக் கிடந்தது.

பினாங்கில் கட்டுப் போட்டுக்கொண்டு வீடு வந்தேன். பார்க்க வந்தவர்களிடம் கதை சொன்னேன். நன்றாகவே சொன்னேன். புயல், மின்னல், ஒன்பது மடங்கு அழுத்தம். "இவ சுக்கானை மாத்தித் திருப்பிட்டா" என்பதும் அதில் ஒரு வரி. கேட்டவர்கள் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவளும் லேசாகச் சிரிப்பாள். என் தம்பியிடம் சொன்னேன், மகளிடம் சொன்னேன், மருத்துவரிடம்கூடச் சொன்னேன்.

உடம்பு தேறி லங்காவி திரும்பியதும் ஒரு மாலை நியூசிலாந்துத் தம்பதி எங்கள் படகுக்கு வந்தார்கள். தேநீர் குடித்துக்கொண்டே அதே கதையைச் சொன்னேன். அதே இடத்தில் அதே வரி வந்தது. கணவர் தலையை ஆட்டினார். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் மனைவி பக்கம் திரும்பி, "எந்தப் பக்கம் தள்ளணும்னு உனக்குச் சொன்னாரா?" என்று கேட்டார்.

மனைவி உடனே பதில் சொல்லவில்லை. டில்லர் எங்கள் இருவருக்கும் நடுவில்தான் இருந்தது. துறையில் கட்டியிருக்கும்போது அதைத் தூக்கி நிமிர்த்திக் கட்டிவிடுவேன், உட்கார இடம் கிடைக்கட்டும் என்று. அதில் சுற்றியிருந்த கயிறு, என் கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் கேட்டேன்" என்றாள். "எந்தப் பக்கம் தள்ளணும்னு கேட்டேன். அவருக்குக் கேக்கல." பிறகு கோப்பைகளை எடுத்துக்கொண்டு கீழே போனாள். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கால்மிதி பம்ப்பை அவள் மிதித்துக்கொண்டேயிருந்தாள். நாலு கோப்பைக்கு அவ்வளவு தண்ணீர் வேண்டாம்.

அன்று இரவு என்னால் படுக்க முடியவில்லை. மழையில் எனக்குக் கேட்காமல் போனது அந்த ஒரு கேள்வி. அதற்கு முன்னால், காற்று இல்லாத, அலை இல்லாத எத்தனையோ பகல்களில் நான் அவள் கையில் தண்டைக் கொடுத்திருக்கலாம். வாயு வால்வை ஒருமுறை சொன்னதற்கே மறக்காதவள். நான் தண்ணீரில் விழுந்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். பாயை இறக்கத் தெரியாது. படகை நிறுத்தத் தெரியாது. ரேடியோவில் 16ஆம் சேனல் என்பது தெரியாது. அவசரச் சிவப்புப் பொத்தானை மூடியைத் திறந்து ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் நம் இருப்பிடம் போய்விடும் என்பதும் தெரியாது. அந்தப் படகு அவளை ஏற்றிக்கொண்டு என்னை விட்டுவிட்டுப் போய்க்கொண்டேயிருந்திருக்கும். நாகப்பட்டினக் கணக்கும் நினைவுக்கு வந்தது. இரண்டு பேர் போகும் நீண்ட பயணத்தில் ஒருவர் தூங்கும்போது மற்றவர் தனியாகப் படகைப் பார்க்க வேண்டும். பாதிக் கடலை அவள் தனியாக ஓட்ட வேண்டும். அதை எண்ணித்தான் "இரண்டு பேர் போதும்" என்று கணக்குப் போட்டிருந்தேனா? இல்லை. என் மனதில் இருந்தது நானும், எனக்குச் சமைத்துப் போட ஒருத்தியும்.

காலையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க" என்றாள். ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் அவள் படகுக்கு வரவில்லை. நான் போய்ச் சுரண்டிப் பெயிண்ட் அடித்துவிட்டு வருவேன். படகு கட்டிய இடத்திலேயே நின்றது. பார்க்க வந்தவர்களிடம் சொன்ன கதையைத் திருத்தி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன். சிலருக்கு அந்தக் கதையே மறந்துபோயிருந்தது. அவளுக்கு மறக்கவில்லை.

பிறகு அவளாகத்தான் ஒருநாள் கேட்டாள், படகோட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி லங்காவியில் இருக்கிறதாமே என்று. பிரிட்டிஷ் ஆர்.ஒய்.ஏ. அமைப்பின் பாடத்திட்டத்தில் மாலுமிக்கான தொடக்க வகுப்பு ஐந்து நாள். நான் கற்றுத் தருகிறேன் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவள் தனியாகப் போனாள். திரும்பி வந்ததும் முதல் வேலையாகப் பசை ஒட்டும் காகிதத்தில் தமிழில் எழுதிப் படகு முழுக்க ஒட்டினாள். சிவப்பு ஸ்விட்சின் மேல் "1. இதை முதலில்". தரைப் பலகையின் மேல் "2. கீழே தண்ணீர் வால்வு, திற". ரேடியோவுக்குப் பக்கத்தில் படகின் பெயரும் உதவி கேட்கச் சொல்ல வேண்டிய வாசகமும் முழுதாக. கைவிளக்குக்கு ஓர் ஆணி அடித்தாள், அதற்கும் ஒரு சீட்டு.

இப்போது துறைக்குள் படகைக் கொண்டுவருவது அவள். நான் முன்னால் கயிற்றோடு நிற்கிறேன். பொழுது சாயுமுன் பாயைச் சுருக்குவது, சுருக்காவிட்டால் கிளம்பாமலே இருப்பது என்பதை அவள் முடிவு செய்கிறாள். இரவுப் பயணம் அவளுக்கு வேண்டாம். மின்னல் வெட்டினால் இன்றும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். நாகப்பட்டினம் போகவில்லை, இனிப் போகும் வயதும் இல்லை. வரைபடத்தில் போட்ட பென்சில் கோட்டை அழித்துவிட்டேன்.

படகு வாங்கலாமா என்று கேட்டு ஈப்போ, பினாங்குப் பக்கத்திலிருந்து நம் ஆட்கள் சிலர் வருகிறார்கள். நீளம், விலை, எஞ்சின் என்று விசாரிப்பார்கள். மனைவியையும் கூட்டி வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். வந்தால் சுக்கான் முதலில் அந்த அம்மா கைக்குத்தான் போகும், சொல்லிக் கொடுப்பது என் மனைவி. உங்களுக்கும் அப்படி ஓர் எண்ணம் இருந்தால் இருவருமாக வாருங்கள். காலை ஏழு மணிக்குள் வந்துவிட வேண்டும். பத்துக்கு மேல் வெயிலில் டெக்கில் கால் வைக்க முடியாது.